மூன்றடி இடப்பக்கம்

ஒரு அட்டைப்பெட்டி நசுங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே அதன்மேல் விழுந்தவர் எப்படி விழுந்தார் என்று சொல்லிவிடுவேன். முதுகு விரிந்து விழுந்தாரா, கடைசி நொடியில் பயந்துபோய்க் காலை நீட்டினாரா, நடுவில் விழுந்தாரா ஓரத்திலா, எல்லாம் பெட்டியில் இருக்கும். விழுந்தவரைக் கேட்டால் "சூப்பர்க்கா" என்றுதான் சொல்வார். நான் பெட்டியைத்தான் நம்புவேன்.

சினிமாவில் மாடியிலிருந்து விழுகிறவர்களுக்குக் கீழே படுக்கை போடுவது என் வேலை. பெயர்தான் படுக்கை. இரண்டடிக்கு இரண்டடி வெறும் பெட்டிகள், வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, அதுபோல நாலு அடுக்கு. பெட்டிகளின் மூலைகளைப் பிளேடால் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று விழுகிறவரைத் திருப்பி உதைக்கும். சுற்றிலும் கயிறு கட்டி, மேலே மெத்தை பரப்பி, தார்ப்பாய் போர்த்தி, நடுவில் வெள்ளைத் துணியில் ஒரு பெருக்கல் குறி தைத்துவிட்டால் படுக்கை தயார். படப்பிடிப்பில் எல்லோருக்கும் நான் பெட்டியக்கா. என் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நான் போட்ட படுக்கைகளில் முக்கால்வாசி ஒரே ஆளுக்குப் போட்டவை. என் வீட்டுக்காரருக்கு.

ஊர் அவரை ரப்பர் என்று கூப்பிடுகிறது. ஒன்பது வயதில் கராத்தே பழகப் போனவர். இருபது வயதில் சினிமாவுக்கு வந்து, ஆறு வருடம் முகம் தெரியாமல் அடி வாங்கினார். ஒரு படத்தில் ஹீரோ ஓடுகிற லாரியிலிருந்து குதிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, அவருடைய சட்டையையும் ஒரு விக்கையும் மாட்டி இவரைக் குதிக்கவிட்டார்கள். பாதி வழியில் விக் காற்றில் பறந்துபோனது. இவர் குதித்து, உருண்டு, எழுந்து, ஓடிப்போய் விக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அடுத்த படத்தில் அவரை ஹீரோவாகப் போட்டார்கள். அதன் பிறகு முப்பத்தொரு படம். எல்லா போஸ்டரிலும் "டூப் இல்லை" என்று அவர் பெயரைவிடப் பெரிதாகப் போடுவார்கள்.

அப்போது நான் ஹீரோயின்களுக்குப் பதிலாக விழுந்துகொண்டிருந்தேன். எனக்குப் படுக்கை போட்ட புண்ணியவான் ஒருவன் பெட்டிகளில் ஒட்டியிருந்த டேப்பைக்கூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தான். கழுத்தெலும்பு போனது. கல்யாணமாகி மூன்று மாதம். கட்டோடு உட்கார்ந்துகொண்டு அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி உங்களுக்கு வேறு எவனும் படுக்கை போடக் கூடாது என்று. இருபது வருடம் அப்படித்தான் நடந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேலே ஏறி விளிம்பில் நின்றதும் அவர் கீழே பார்த்துக் கத்துவார்.

"வீட்டுக்காரம்மா, படுக்கை போட்டாச்சா?"

"போட்டாச்சு. வந்து விழுங்க."

மொத்தக் கூட்டமும் சிரிக்கும். முதல் படத்தில் விளையாட்டாகச் சொன்னது. பிறகு அதைச் சொல்லாமல் அவர் குதித்ததே இல்லை. குதித்து முடித்ததும் உடனே எழ மாட்டார். மல்லாந்து கிடந்தபடியே வலது கையால் தார்ப்பாயை ஒருமுறை நீளமாகத் தடவுவார். பிறகுதான் கட்டைவிரலை உயர்த்துவார். என் படுக்கையைத் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து எனக்குள் ஒரு கர்வம். கர்வம் பிடித்தவள்தான் நான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

இனி இடது, வலது என்று நான் சொல்வதெல்லாம் மேலே நிற்கிற அவருடைய இடது வலதுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு படம். இரண்டு மாடி உயரம், அவருக்கு அது மாடிப்படியில் இறங்குவது மாதிரி. குதித்தார், கைதட்டினார்கள், டீ குடிக்கப் போய்விட்டார். நான் தார்ப்பாயை விலக்கிப் பெட்டிகளைப் பார்த்தேன். நடு இரண்டு வரிசையில் வலப்பக்க வரிசை லேசாகத்தான் மடங்கியிருந்தது. அப்பளமாக நொறுங்கியிருந்தது இடப்பக்க வரிசை. ஒரு அடி தள்ளி விழுந்திருக்கிறார். காற்று, ஷூ வழுக்கியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த குதிப்பிலும் அதே ஒரு அடி. அதற்கடுத்ததில் ஒன்றரை.

வீட்டில் கவனிக்க ஆரம்பித்தேன். அவருடைய சட்டைகளில் இடது தோளில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. படுக்கையறைக் கதவு நிலையில் தினமும் இரண்டு தடவையாவது இடித்துக்கொள்வார், பிறகு கதவைத் திட்டுவார். கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்பா ஏன் ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடக்கறாரு?"

"ஸ்டைலு," என்றேன். "உங்கப்பாவுக்கு நடையிலயும் ஃபேன்ஸ் வேணுமாம்."

அவள் சிரித்தாள். எனக்கு அவருடைய காது ஞாபகத்துக்கு வந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டைக்காட்சியில் எதிராளி ஒருவன் கணக்குத் தப்பி எட்டி உதைத்ததில் அவருடைய இடது காதில் ரத்தம் வந்தது. அன்றையிலிருந்து அந்தக் காதுக்குள் ஏதோ விசில் சத்தம் கேட்கிறது என்று எப்போதாவது சொல்வார். இப்போது சொல்வதையும் நிறுத்தியிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரே ஒருமுறை வாயைத் திறந்தேன்.

"என்னங்க, அந்தக் காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே."

"காட்டலாம். நாளைக்குக் காலையில பேப்பர்ல வரும், ரப்பருக்குக் காது கேக்கலன்னு."

"வரட்டுமே. குதிக்கறதுக்கு வேற ஆள் வெச்சுக்கலாம். இப்ப யாரு வெச்சுக்கல? உங்க வயசுல ஹீரோங்க சேர்லேருந்து எழுந்திருக்கறதுக்கே டூப் கேக்கறாங்க."

நான் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் "உப்பு" என்றார். அதுவும் என்னிடம் இல்லை, மகளிடம்.

அதற்குமேல் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லலாம். நீங்கள் சாய்ந்து விழுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் அதைச் சொல்லக் கூடாது. காற்றில் இருக்கிறவர் யோசிக்கக் கூடாது, யோசித்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொண்ட உடம்பு முறியும். விழுகிறவர் தலைக்குள் ஒரு புழுவை விடுவதைப் போன்ற பாவம் வேறில்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். சரி, படுக்கையைப் பெரிதாகப் போட்டிருக்கலாம். அதுவும் முடியாது. புதுப் பையன்கள் இருபதடிப் படுக்கை கேட்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ரப்பரின் படுக்கை பன்னிரண்டடி. பத்திரிகையில் அதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஒரு வரிசை கூட்டினால் சண்டை மாஸ்டர் எண்ணிப் பார்ப்பார், புருவத்தைத் தூக்குவார், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதனால் நான் படுக்கையை நகர்த்தினேன்.

அடுத்த படத்தில் ஒன்றரை அடி, அதற்கடுத்ததில் இரண்டடி, இடப்பக்கமாக. குறி இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. கீழே பெட்டிகள் மட்டும் தள்ளியிருந்தன. எட்டடி உயரப் படுக்கையின் மேல்பரப்பு தரையில் நிற்கிற எவருக்கும் தெரியாது. ஏறிச் சரிபார்க்கிறவள் நான் ஒருத்திதான். மேலே நிற்கிற அவருக்கும் தெரியாதபடி, தரையின் நிறத்திலேயே பெரிய தார்ப்பாய் வாங்கி, படுக்கையைத் தாண்டித் தரையிலும் படரும்படி போர்த்தினேன். கம்ப்யூட்டரில் அழிக்க வசதியாக இருக்கும் என்று சொன்னேன். அவர் குறியைப் பார்த்துக் குதிப்பார், இடப்பக்கம் சாய்வார், பெட்டிகளின் நட்டநடுவில் விழுவார். வழக்கம்போல் வலது கையால் தடவிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் புருஷனை அவருக்கே தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டிகளை வைக்க எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஷெட் உண்டு. உள்ளே பாதி உயரத்தில் பலகை பரப்பிய பரண். போன வருடம் அங்கே நான் பயன்படுத்தாத பெட்டிகள் நசுங்கிக் கிடக்க ஆரம்பித்தன. வாரத்துக்கு நாலைந்து. எல்லாம் நடுவில், குழி விழுந்ததுபோல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காவலாளியைக் கூப்பிட்டேன். அறுபது கிலோவைக்கூடத் தாண்டாத நோஞ்சான் மனுஷன்.

"ஏன்யா, உட்கார உனக்கு நாற்காலி வாங்கிக் குடுத்தேன்ல? என் பெட்டிதான் கெடச்சுதா?"

"சத்தியமா நான் உட்காரலக்கா."

"அப்ப பெட்டியே பெட்டிமேல உட்கார்ந்துச்சா?"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன். பெட்டியைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற நான், அந்தப் பெட்டிகளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். அவ்வளவு ஆழக் குழி உட்கார்ந்தால் வராது. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.

பிறகு அந்தப் படம் வந்தது. இயக்குநர் இளைஞர், மரியாதையான பையன். ஆனால் பிடிவாதக்காரர். நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு பேரோடு சண்டை, சண்டையின் முடிவில் ஹீரோ பின்பக்கமாகக் கீழே விழுகிறார், எல்லாம் ஒரே ஷாட், நடுவில் வெட்டு கிடையாது. ஐம்பது வயதில் இதைச் செய்கிற ஹீரோ உலகத்திலேயே கிடையாது என்று எங்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து சொன்னார். என் வீட்டுக்காரர் முகத்தில் அந்தப் பழைய விக் சிரிப்பு. எனக்குத் தெரிந்துவிட்டது, இனி பிரயோஜனமில்லை என்று.

"அக்கா, உங்களுக்கு ஓகேதானே?" என்று இயக்குநர் என்னிடமும் கேட்டார்.

அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். படுக்கை போட மாட்டேன் என்று சொன்னால் போதும், அவர் குதித்திருக்க மாட்டார். என்னுடையதில் தவிர வேறு எதிலும் குதிக்க மாட்டேன் என்று அவரே பேட்டி கொடுத்திருக்கிறார். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார். சின்னப் பிள்ளை திருவிழாவுக்கு அனுமதி கேட்கிற மாதிரி பார்த்தார்.

"எனக்கென்ன," என்றேன். "விழறவருக்கு ஓகேன்னா, போடறவளுக்கு என்ன?"

நாலு மாடி என்றால் எவ்வளவு சாய்வார் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாடிக்கு ஒன்றரை, மூன்று மாடிக்கு இரண்டு. நாலுக்கு எப்படியும் மூன்று. ஒரு மதியம் அவர் பயிற்சிக்குப் போயிருந்தபோது முற்றத்தில் தார்ப்பாயை விரித்து, குறியைப் பிரித்து, நடுவிலிருந்து மூன்றடி வலப்பக்கம் தள்ளித் தைத்தேன். பழைய தையலின் ஊசித் துளைகள் அப்படியே தெரிந்தன. அதன்மேல் கொஞ்சம் பெயின்ட் அடித்தேன்.

காலை பத்து மணிக்கு ஷாட். நல்ல வெயில், காற்றே இல்லை. படுக்கையை நானும் என் ஆட்கள் நாலு பேரும் விடியற்காலையிலேயே போட்டுவிட்டோம். நான் மேலே ஏறி முழங்காலால் ஊர்ந்து ஒவ்வொரு அடியாக அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினேன். சண்டை மாஸ்டர் வந்து ஒருமுறை சுற்றி வந்தார், வரிசை எண்ணினார், தலையாட்டினார்.

மொட்டைமாடி விளிம்பில் அவர் வந்து நின்றார். கீழேயிருந்து பார்க்க உள்ளங்கை அளவு தெரிந்தார்.

"வீட்டுக்காரம்மா, படுக்கை போட்டாச்சா?"

"போட்டாச்சு. வந்து விழுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

சண்டை இரண்டு நிமிடம். எனக்கு அது தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. பிறகு அவருடைய முதுகு விளிம்பைத் தாண்டியது. அவர் காற்றில் வந்த அந்த அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். கை இரண்டும் விரிந்து, தாடை நெஞ்சில் ஒட்டி, உடம்பில் ஒரு முறுக்கு இல்லாமல் வந்தார். கடந்த பத்து வருடத்தில் அவர் அப்படி விழுந்து நான் பார்க்கவில்லை. பாதி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் இடப்பக்கம் சாயவில்லை.

நேராகக் குறிக்கு வந்தார். குறியின்மேலேயே விழுந்தார். குறியிலிருந்து வலப்பக்க ஓரத்துக்கு மூன்றே அடிதான் இருந்தது. ஓரத்துப் பெட்டிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வெளிப்பக்கமாகத் தெறித்தன, படுக்கை சரிந்தது, அவர் அதோடு வழுக்கித் தரையில் விழுந்தார். முதலில் இடுப்பு. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நினைவு இருந்தது. வலது கை தரையில் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது.

"தப்பிட்டேனா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சண்டை மாஸ்டர் அழுதுகொண்டே சொன்னார். "ரெண்டு மூணு அடி தள்ளிட்டீங்கண்ணே. பரவால்லண்ணே. எதுவும் ஆகாதுண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியில் அல்ல. அவமானத்தில். இருபது வருடம் குடித்தனம் பண்ணியவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

ஷாட்டைப் பார்க்க வந்திருந்த மகளை அவரோடு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் ஒரு நிமிடம் பின்தங்கினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சரிந்த படுக்கையில் ஏறி, குறிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். பள்ளம் அங்கேதான் இருந்தது. தார்ப்பாயைச் சுருட்டி, அந்தப் பள்ளத்துப் பெட்டியை உருவி எடுத்து, இரண்டையும் என் வண்டியில் போட்டுக்கொண்டேன். யாராவது அளந்து பார்ப்பதற்குள்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வலது தொடை தனியாக ஒரு கதை. ஆறு மாதத்தில் கோலூன்றி நடக்கலாம், குதிப்பதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இடது காதின் உள்பக்கம் சமநிலை போய் வருடக்கணக்காகியிருக்கிறது, இவரை எப்படி மாடியில் ஏற்றினீர்கள் என்றும் என்னைப் பார்த்துக் கேட்டார். பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ரப்பர் அறுந்தது" என்று ஒருவன் தலைப்புப் போட்டான். வயசுக்கேற்ற வேலை செய்திருக்கலாம் என்று இன்னொருவன். கீழேயிருந்து யாரோ செல்போனில் எடுத்த காட்சியை நிறுத்தி நிறுத்திப் போட்டு, படுக்கையின் நடுவிலிருந்து எத்தனை அடி தப்பினார் என்று கோடு கிழித்துக் காட்டினார்கள். மகள் பார்த்துவிட்டு அழுதாள். அவர் பார்த்துவிட்டு போனை என்னிடம் கொடுத்தார்.

"கரெக்டாதான் சொல்றான்," என்றார்.

பதினோரு நாள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் "விடுங்கண்ணே, யாருக்கும் தப்பும்" என்றார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் வாழ்க்கையிலேயே சிறப்பாக விழுந்தது அன்றைக்குத்தான், அது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, வண்டியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். பெட்டியை அவர் மார்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"குறிக்குக் கீழ இருந்த பெட்டி. நீங்க தப்பல. குறிமேலயேதான் விழுந்தீங்க. நான்தான் படுக்கைய மூணடி இடப்பக்கம் தள்ளிப் போட்டேன்."

சொல்லிவிட்டேன். அடிப்பார், கத்துவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையைப் பெட்டியின் பள்ளத்துக்குள் விட்டார். விரல்களால் அதன் ஓரங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா. மொதல்ல ஒன்றரை, அப்புறம் ரெண்டு. நீங்க இடது பக்கம் சாஞ்சுட்டே இருந்தீங்க. சொன்னா மேல நின்னு யோசிப்பீங்கன்னு சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அவருடைய வயிறு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலியில் முகம் கோண, கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் மூணு," என்றார்.

"என்ன நானும் மூணு?"

"மூணடி வலது பக்கம் தள்ளிக் குதிச்சேன். விழுந்ததும் கையால தடவுவேன்ல? குறி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாப்பேன். ஒண்ணு, ஒன்றரை, ரெண்டுன்னு போயிட்டே இருந்துச்சு. நாலு மாடிக்கு மூணு வரும்னு தோணுச்சு. ஒரு வருஷமா உன் ஷெட்டுல பரண் மேலேருந்து குதிச்சுக் குதிச்சுப் பழகினேன். பாவம், அந்தக் காவலாளிய நீ போட்டுத் திட்டினியே. நான்தான் அவனச் சொல்லக் கூடாதுன்னேன்."

என் படுக்கையைத் தட்டிக்கொடுக்கிறார் என்று நான் கர்வப்பட்ட அந்தக் கை அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா பெட்டி அடுக்கும்போது உன் கை நடுங்கும்னு சொல்லல."

இரண்டு பேரும் அதே கணக்கைப் போட்டு, அதே மூன்றடிக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளியிருக்கிறோம். யாராவது ஒருவர் சுயநலமாக இருந்திருந்தால் அவர் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பார். நான் கட்டிலின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்," என்றேன். "தப்பு என்னுதுன்னு."

"சொல்லு. அப்புறம் எவன் உன்னப் படுக்கை போடக் கூப்பிடுவான்? எவன் நம்பிக் குதிப்பான்? நான்தான் இனிமே குதிக்கப் போறதில்ல. தப்பிட்டேன்னு இருந்தா எனக்கென்ன கொறஞ்சுபோச்சு?"

அடுத்த வாரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். சக்கர நாற்காலியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். "கண்ணு, காது ரெண்டும் சொன்ன பேச்சக் கேக்கல. குறி தப்பிட்டேன். படுக்கை பிரமாதமான படுக்கை," என்று சொல்லிவிட்டு அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார். கேமராக்கள் எல்லாம் அவரையே பார்த்தன. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என் உயிரே போனதுபோல் இருந்தது.

இப்போது ஏழு மாதமாகிறது. கோலூன்றி வாசல்வரை போகிறார். கதவு நிலையில் இன்னும் இடித்துக்கொள்கிறார். எனக்கு வேலை வருகிறது, ரப்பருக்குப் படுக்கை போட்டவள் என்று தேடி வருகிறார்கள். ஒவ்வொரு முறை குறி தைக்கும்போதும் கை நடுங்குகிறது. இந்தப் பொய்யின்மேல் நின்றுகொண்டு இன்னொரு பிள்ளையைக் குதிக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருக்குத் தெரியாமல் இனி எதையும் செய்வதில்லை என்று முடிவுபண்ணியிருக்கிறேன். ஆகவே எழுதியதை யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால், நேற்றுக் காலை அவரை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஒரு எடத்துல பொய் எழுதியிருக்க."

"எங்க?"

"குறிமேலயே விழுந்தேன்னு எழுதியிருக்கல்ல? அந்தப் பெட்டியில வலது ஓரம்தான் ஜாஸ்தி நசுங்கியிருந்துச்சு. இருபது வருஷமா உன்கூட இருக்கேன், எனக்கும் பெட்டி பாக்கத் தெரியாதா? நான் தள்ளினது மூணு இல்ல, மூணரை. பயத்துல கொஞ்சம் சேத்துத் தள்ளிட்டேன். குறிமேல விழுந்திருந்தா ஓரம் ஒருவேள தாங்கியிருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்குச் சரிந்த படுக்கையில் கையை விட்டபோதே எனக்குத் தெரியும். பள்ளம் குறிக்குக் கீழே இல்லை, அரை அடி வலப்பக்கம் தள்ளி இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போது உங்களிடமும் சொல்லவில்லை.

"அந்த அர அடி என் தப்பு," என்றார். "அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.